சைகோனில் கடைமடை இல்லை

எங்கள் ஊர் வாசகசாலைத் தலைவர் பொய் சொன்னார். ஆண்டுக் கூட்டத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால், வாய் கூசாமல் சொன்னார். சைகோனில் இருக்கும் காரைக்கால் பிள்ளைகளுக்குத் தமிழ் அற்றுப்போய்விட்டதாம். வருஷா வருஷம் நாம் அனுப்பிய வேளாண்மைப் புத்தகங்களைக் கரையான் தின்கிறதாம். அவருடைய மருமகன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாராம்: ஒரு பெண்பிள்ளை தமிழ்ப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். கூட்டம் சிரித்தது. "அது கடைமடை. அங்கே விடுகிற தண்ணீர் கடலுக்குத்தான் போகும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. என் வயல் கடைமடையில் இருக்கிறது. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் வயல் வைத்திருப்பவன் தலைமடைக்காரன். அது முடியும் இடத்தில் இருப்பவன் கடைமடைக்காரன். மேலே இருப்பவன் தன் வயல் நிறைந்த பிறகு, மனமிருந்தால் மடையைத் திறப்பான். மனமில்லாவிட்டால் நான் தண்ணீர் வருகிற மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பேன். தலைவருடைய வயல் எந்த மடையில் இருக்கிறது என்று நான் எழுத வேண்டியதில்லை. ஊருக்கே தெரியும்.

அந்தப் புத்தகத்தை எதற்காக அச்சடித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்களில் பாதிப் பேர் சைகோனில் துணி விற்கிறார்கள். அவர்களுடைய நிலம் இங்கே கிடக்கிறது. நாளைக்கு அந்த நிலத்தில் வந்து நிற்கப்போகும் பிள்ளைக்கு நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா? அதற்காக எளிய தமிழில் உழவு, நாற்று, மடை, அறுப்பு என்று பாடம் பாடமாக எழுதி அச்சடித்தோம். சைகோனில் ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது மனமுவந்து பிள்ளைகளைக் கூட்டி வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு.

சைகோனில் துணிக்கடை வைத்திருக்கும் என் மச்சான் காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்டார். கடையைப் பார்த்துக்கொள்ள என்னை வரச் சொன்னார். அது தெரிந்ததும் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "போகிறதுதான் போகிறாய். அந்த வகுப்பை நிறுத்திவிட்டுப் புத்தகப் பெட்டியைத் திருப்பிக் கொண்டு வந்துவிடு" என்றார். சரி என்றேன். கண்ணால் பார்க்கிற ஆசை எனக்கும் இருந்தது.

சைகோன் ஆற்று முகத்தில், வுங் டாவ் முனையில் கப்பல் நின்றுவிட்டது. கரை தெரிகிறது, மலை தெரிகிறது, கலங்கரை விளக்கம் தெரிகிறது. கப்பல் மட்டும் நகரவில்லை. அடுப்பில் கரி தள்ளுகிற நாகூர்க்காரர் ஒருவர் காற்று வாங்க மேலே வந்திருந்தார். அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் நானா நிக்கிது?"

"ஆறு இன்னும் திரும்பல தம்பி."

"ஆறு எங்கே போயிருக்கு, திரும்புறதுக்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடல் ஏறணும். ஏறுனா ஆறு மேல பாத்து ஓடும். அது முதுகுல ஏறி நாம ஊருக்குள்ள போவணும். வெவசாயிங்கிறிய, ஆறு ஏறிப் பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. எங்கள் ஊர் ஆறு இறங்குவதையே நான் வருஷத்தில் பாதி நாள்தான் பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் கப்பல் அசைந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். தேங்காய் மட்டை ஒன்று கடலிலிருந்து ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாழைமரத் துண்டு, ஒரு கிழிந்த கூடை, எல்லாம் மேல்முகமாகப் போயின. இரு கரையிலும் சதுப்புக் காடு. ஆறு பாம்பு மாதிரி வளைந்தது, கப்பலும் வளைந்தது. எனக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்கார அம்மாளிடம் தமிழிலேயே "பாருங்கம்மா, ஆறு ஏறுது" என்று சொன்னேன். அவர் குடையை விரித்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

துறையில் இறங்கினால் "மலபார்! மலபார்!" என்று நாலு பக்கமும் கத்துகிறார்கள். எங்கள் ஊரில் பிரெஞ்சு அதிகாரிகள் தமிழனைக் கூப்பிடுகிற பெயர் அது. எனக்குச் சுருக்கென்றது. "யாருடா மலபார்? பேர் சொல்லிக் கூப்பிடு" என்று திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. தீப்பெட்டி மாதிரி சின்ன வண்டி, பூனை மாதிரி சின்னக் குதிரை. வண்டிக்குத்தான் அந்தப் பெயர். முன்பு நம்மவர்கள் ஓட்டினார்களாம். ஓட்டியவன் போய்விட்டான், பெயர் வண்டியில் ஒட்டிக்கொண்டது. இப்போது ஓட்டுகிறவன் அன்னாமியன், அந்த நாட்டுக்காரன்.

மச்சான் வீடு மசூதிக்குப் பக்கம். ஏறி உட்கார்ந்து "மசூதி, மசூதி" என்றேன். அவன் என் நிறத்தைப் பார்த்தான், தலையை ஆட்டினான், குதிரையைத் தட்டினான். தெருவில் போன பொடியன்கள் என்னைப் பார்த்து "சா வா! சா வா!" என்று கத்தினார்கள். வந்த அன்றே என்னைச் சாகக் கூப்பிடுகிறார்களே என்று இரத்தம் கொதித்தது. நம்மவர்களை அவர்கள் ஜாவா என்கிற சாவகத் தீவுக்காரர்கள் என்று நினைத்து வைத்த பெயராம் அது. பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் ஒரு தெரு நீளத்துக்குத் திட்டித் தீர்த்துவிட்டேன்.

வண்டி நின்ற இடம் மாரியம்மன் கோவில். துருக்கித் தொப்பியும் தாடியுமாக நான் இறங்கினேன். ஊதுவத்தியும் பூவும் ஏந்திக்கொண்டு உள்ளே போன அன்னாமியப் பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள். பால் செம்போடு வெளியே வந்த ஒரு தமிழர் என்னைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வாங்க பாய். ஆத்தா கூப்பிட்டாளாக்கும்?"

"மசூதின்னு சொன்னேன்யா."

"மலபார் ஆளு சாமி கும்புடுற எடம்னா வண்டிக்காரனுக்கு இது ஒண்ணுதான். தொப்பியெல்லாம் பாக்க மாட்டான். வாங்க, நான் கொண்டு போய் விடுறேன்."

அவர் பெயர் ஆறுமுகம். பட்டுக்கோட்டைப் பக்கம். சைகோனில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். வழியில் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "படிப்பு நடக்கிறது என் மாட்டுக் கொட்டகையிலதான். ஞாயித்துக்கிழமை வாங்க. பெட்டியும் அங்கதான் இருக்கு" என்றார். 

லாத்தா, மச்சானைக் கட்டிய என் அக்காள், சோறு போட்டார். நொய்யரிசிச் சோறு. எங்கள் வீட்டில் நொய்யைக் கோழிக்குப் போடுவோம், காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைப்போம். இங்கே அதை ஆவியில் வேகவைத்து, சுட்ட மீனை மேலே வைத்து, விருந்தாளிக்குப் போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மீனை உப்பில் ஊறப்போட்டு வடித்த சாறு. நுவோக்மாம் என்று பெயர். அந்த வாடை மூக்கில் ஏறி உச்சியில் நின்றது.

"லாத்தா, என்னா இது? கருவாட்டுக் கடையைக் கழுவி ஊத்துனியளா?"

"மூக்கைப் பொத்திக்கிட்டுத் தின்னுடா. மூணாம் நாள் நீயே கேப்பே."

இரண்டாம் நாளே கேட்டேன். காலையில் பிரெஞ்சுக்காரன் ரொட்டியை நம் கோழி சால்னாவில் தோய்த்துத் தின்பது, மத்தியானம் அன்னாமியச் சோறு, சாயங்காலம் சீனன் கடைத் தேநீர். ஒரே நாளில் மூன்று தேசம் வயிற்றில் இறங்கியது. மங்குஸ்தான் என்று ஒரு பழம். ஓடு கறுப்பு, உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை. அதைத் தின்றுவிட்டு மச்சான் கடையில் வெள்ளைத் துணியைத் தொட்டேன். பழத்தோலின் கறை போகவே இல்லை. மச்சான் கட்டிலில் படுத்தபடியே கத்தினார். "காலு முறிஞ்சது எனக்கு, புத்தி முறிஞ்சது ஒனக்கா?"

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனேன். ஒரு பக்கம் மாடுகள், ஒரு பக்கம் பாய் விரித்துப் பிள்ளைகள். துணிக்கடைக்காரர்கள் பிள்ளைகள், காவல்காரர்கள் பிள்ளைகள், முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் எல்லாம் கலந்து. பாதிப் பேருக்குத் தாய் அன்னாமியப் பெண். நடுவில் குடையை மடக்கிக் குச்சி மாதிரி பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றார். புதுச்சேரிக்காரர். கணவர் சர்க்கார் கச்சேரியில் எழுத்தர். எல்லோரும் மதாம் தெரேசா என்கிறார்கள். பூசை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுகிறார். ஒரு காசு வாங்குவதில்லை.

என்னைப் பார்த்ததும், "வேவு பாக்க வந்த அடுத்த ஆளா, முசே?" என்றார். "போன தரம் ஒருத்தர் வந்தாரு. வாசல்லயே நின்னு எட்டிப் பாத்தாரு. சப்பாத்துல சாணி பட்டுச்சு. அத்தோட போயிட்டாரு."

அதுதான் தலைவரின் மருமகன்.

 அதற்குள் என் கண் ஒரு பெண்பிள்ளை மேல் போய்விட்டது. பத்து வயது இருக்கும். மடியில் புத்தகம். தலைகீழாக.

மருமகன் பார்த்தது உண்மைதானா? எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. கொட்டகை அதிர, "புத்தகத்தை நேராப் பிடி புள்ள!" என்று கத்தினேன். மாடுகள் கூடத் திரும்பிப் பார்த்தன. அந்தப் பிள்ளை பயப்படவில்லை. புத்தகத்தைத் திருப்பினாள். "உ... உழ..." என்று திக்கினாள். பிறகு முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாள்.

"இதுதான் மாமா தலைகீழ்."

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் புத்தகத்தை மறுபடி தலைகீழாகத் திருப்பி, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தாள். "உழவன் முதலில் சேற்றைப் பண்படுத்துவான். பிறகு வரப்பை அண்டை கட்டுவான்." நிறுத்தவில்லை, மூச்சு வாங்கவில்லை. ளகரம், ழகரம், றகரம் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன. பாடம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

என் வாய் திறந்தபடி இருந்தது.

"சுலைகா கடைசியா வந்தவ," என்றார் மதாம். "புத்தகம் நடுவுல இருக்கும். புள்ளைங்க சுத்தி உக்காருவாங்க. நேர்ப்பக்கம் முன்னாடியே நெறஞ்சு போச்சு. இவளுக்குக் கெடைச்சது எதிர்ப்பக்கம். அங்கேருந்தே எழுத்து கத்துக்கிட்டா. இந்தப் பய ஈசாவைப் பாருங்க, பக்கவாட்டுல உக்காந்தவன். கழுத்தை ஒருச்சாய்க்காம இவனுக்கு ஒரு எழுத்து வராது."

ஈசா கழுத்தைச் சாய்த்துக் காட்டினான். "நொண்டிக் கோழி!" என்று ஒருவன் கத்தினான். ஈசா அவனைக் கிள்ளினான்.

நான் கேட்டேன்: "மத்த புத்தகங்களை ஏன் எடுக்கல?"

"எந்த மத்த புத்தகம்?"

மாடுகளுக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்டியை ஆறுமுகம் இழுத்து வந்தார். எங்கள் வாசகசாலைப் பெட்டிதான். தேக்கு. ஒரு ஆள் குந்தி உட்காரலாம். மூடியில் வாசகசாலைப் பெயர்.

"அரக்கு முத்திரை ஒடையாம வந்துச்சு பாய். நாங்க எல்லாரும் சுத்தி நின்னுதான் தொறந்தோம். மேல இந்த ஒரு புத்தகம். கீழ வைக்கோல்."

"வைக்கோலா?"

"நல்ல வைக்கோல். நம்மூரு வைக்கோல். என் மாடு ரெண்டு வேளை தின்னுச்சு."

அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் வரவில்லை. ஒரு தாள் கூட வரவில்லை. ஒவ்வொரு பெருநாளிலும் ஊரில் புத்தகத்துக்கென்று துண்டு ஏந்தினார்களே, நானும் போட்டேனே, அந்தப் புத்தகங்கள் எங்கே இறங்கின? சைகோனில் கரையான் தின்றது என்று சொன்னாரே, கரையானுக்கு இங்கே எதைப் போட்டார்? நான் கத்திய கத்தலில் மாடு ஒன்று பக்கத்தில் வைத்திருந்த பால் செம்பை உதைத்தது. "பாய், கோவத்தைக் காரைக்காலுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க, என் பாலைக் கொட்டாதீங்க" என்றார் ஆறுமுகம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கோபத்தின் நடுவிலும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஒரே புத்தகம். அதை நாலு பக்கமிருந்தும் நோண்டித் தின்றிருக்கிறார்கள். காரைக்காலில் ஆளுக்கொரு புத்தகம் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நேராகப் பிடித்துக்கொண்டு திக்குகிறார்கள்.

அன்று மடைப் பாடம். "கடைமடை உழவன் தண்ணீரை எதிர்பார்த்து நிற்பான்" என்று வாசித்துவிட்டுச் சுலைகா நிறுத்தினாள்.

"கடைமடைன்னா என்ன மாமா? மதாமுக்கும் தெரியலையாம்."

"எனக்கு மாடியும் தெருவும்தான் தெரியும்" என்றார் மதாம்.

நான் சாணித் தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்கினேன். இது ஆறு, இது வாய்க்கால், தண்ணீர் இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது, முடிகிற இடம் கடைமடை. சுலைகா கோட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "தண்ணி திரும்பி வரும்போது?"

"திரும்பி வராது."

"ஏன்?"

 இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் திரும்பி வருகிற தண்ணீர்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் லாய்த்தியூவுக்குப் போனோம். சைகோனுக்கு மேலே, ஆற்றோரம். சுலைகாவின் அம்மா அன்னாமியப் பெண், அவள் தாய்மாமனுக்கு அங்கே வயல் இருக்கிறது. அவள் அம்மாதான் ஏற்பாடு செய்தார். மதாமுக்குப் படகு என்றால் பயம். ஜெபமாலையை ஒரு கையிலும் குடையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஏறினார். படகுக்காரர் துடுப்பைப் பேருக்குத்தான் போட்டார். ஏறுகிற தண்ணீர் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. நெல் ஏற்றிய பெரிய படகுகள், வாழைத்தார் படகுகள், ஒரு படகில் அடுப்பு எரிந்து கஞ்சி கொதிக்கிறது, வாங்கிக் குடித்துக்கொண்டே போகலாம். குடித்தேன். நாக்கு வெந்தது. இன்னொரு கிண்ணம் வாங்கினேன்.

வயலைக் கண்டதும் நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கிவிட்டேன். அந்த வரப்புக்கு அடியில் ஒரு தென்னந்தண்டு. உள்ளே குடைந்து குழாய் மாதிரி ஆக்கிப் புதைத்திருக்கிறார்கள். உள்முனையில் ஒரு மரப் பலகை கீலில் தொங்குகிறது. வெளியே வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் அது பலகையைத் தள்ளிக்கொண்டு வயலுக்குள் வருகிறது. வெளியே இறங்கினால் வயல் தண்ணீரே பலகையை அமுக்கி மூடிவிடுகிறது. திறக்க ஆள் இல்லை. மூட ஆள் இல்லை. கெஞ்ச வேண்டியதில்லை. நான் குந்தி உட்கார்ந்து அந்தப் பலகை திறப்பதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கத்தினேன்: "ஆறுமுகம், வந்து பாருய்யா! மடை தானாத் தொறக்குதுய்யா!"

"ஒரு பலகையைப் பாத்து இம்புட்டு சந்தோஷமா பாய்?"

"நீ மாடு வச்சிருக்கே. ஒனக்கு என்ன தெரியும்!"

சுலைகாவின் மாமன் அந்தப் பக்கம் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். நாற்றங்காலில் அல்ல, ஏற்கெனவே நட்ட வயலில். நட்டு வேர் பிடித்த பயிரை மறுபடி பிடுங்குகிறார்! எனக்குப் பதறிவிட்டது. "வேண்டாம், செத்துப்போகும்!" என்று ஓடினேன். அவர் நிமிர்ந்து ஏதோ சொன்னார்.

"மாமா, நீங்க சத்தம் போட்டா நாத்து பயந்துடுமாம்," என்றாள் சுலைகா.

"ஒருக்கா நட்டதைப் பிடுங்கக் கூடாதுன்னு சொல்லு. எங்க ஊர்ல பிடுங்கினா வெட்டிப் போட்டுடுவாங்கன்னு சொல்லு."

அவள் சொன்னாள். அவர் பதிலுக்கு ஒரு கூர்மையான கட்டையை எடுத்துக் காட்டினார். அந்தக் கட்டையால் ஆழமாகக் குழி போட்டு, உயர்ந்து வளர்ந்த பயிரை ஆழத் தண்ணீர் வயலில் நடுகிறார்கள். சின்ன நாற்றை நேரே அங்கே நட்டால் மூழ்கிவிடும். அதனால் ஒரு வயலில் வளர்த்து இன்னொரு வயலில் இரண்டாம் தரம் நடுவது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் ஒரே தரம் நட்டு அறுப்பதைச் சொன்னேன். அவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சுலைகா நடுவில் நின்று இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிச் சொன்னாள். கடைசியில் அவர் நீளமாக ஒன்று சொன்னார். அவள் சிரித்தாள், எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாள். போன மாதம் இப்படி இரண்டாம் தரம் நட்ட பக்கத்து வயலைப் பார்த்தேன். பயிர் கரும்பச்சையாக, இடுப்பளவு நின்றது. அதை மட்டும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

அந்த வரப்பில் புத்தகத்தை விரித்து வைத்தோம். பிள்ளைகள் முழங்கால் சேற்றில் சுற்றி நின்றார்கள். முதல் தரம் சேற்றில் கால் வைக்கிறார்கள். ஒருவன் விழுந்தான், மற்றவர்கள் வேண்டுமென்றே விழுந்தார்கள். மதாம் சேலையைச் செருகிக்கொண்டு வரப்பில் நின்று "கன்னத்துல அறைவேன்!" என்று குடையை ஆட்டினார். யாரும் கேட்கவில்லை. நாற்றுப் பாடத்தை அந்தச் சேற்றில் நின்று வாசித்தார்கள். சுலைகா எதிர்ப்பக்கம். ஈசா பக்கவாட்டில். "முடி" என்ற சொல் வந்தபோது நான் கட்டி வைத்த நாற்று முடிகளை எடுத்து ஆளுக்கொன்று கையில் கொடுத்தேன். "வேர்" என்று வாசித்துவிட்டு வேரைப் பார்த்தார்கள். புத்தகம் எழுதியவர் அதைப் பார்த்திருந்தால் அழுதிருப்பார். நான் அழவில்லை. அடுத்த முடியை அவிழ்த்தேன்.

கடைமடைக்கு அவர்கள் பேச்சில் என்ன சொல் என்று மாமனைக் கேட்கச் சொன்னேன். சுலைகா வெகுநேரம் அவரிடம் கைகளை ஆட்டிப் பேசினாள்.

"அப்படி ஒரு சொல் இல்லையாம் மாமா. தண்ணி ரெண்டு பக்கமும் வரும்போது கடைசி யாருன்னு கேக்கிறாரு."

"எங்க ஊர்ல ஒரு பக்கம்தான் வரும். மேல இருக்கிறவர் அடைச்சுட்டா கீழ வராது."

இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. தானே யோசித்தாள்.

"அடைச்சவர் யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவரைக் கேட்டீங்களா?"

நான் நாற்று முடியைத் தண்ணீரில் அலசினேன். இத்தனை வருஷம் வயலில் நின்று மேற்கே பார்த்துத் திட்டியிருக்கிறேன். ஒரு நாளும் நேரே போய், நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டதில்லை.

திரும்பும்போது இறங்குகிற தண்ணீரில் வந்திருக்க வேண்டும். நான் பலகையை இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று தாமதம் செய்துவிட்டேன். வாய்க்கால் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தள்ளினோம். நான் இடுப்பு வரை இறங்கினேன். படகு அசையவில்லை. தண்ணீர் மறுபடி ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மதாம் ஜெபமாலையை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "முசே, கடைமடைன்னா என்னன்னு இப்பத்தான் புரியுது. தண்ணி இல்லாம உக்காந்திருக்கிறது." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுலைகாவின் அம்மா வேகவைத்த மரவள்ளியும் தேங்காய்த் துருவலும் எடுத்து வைத்தார். தின்றுகொண்டே பிள்ளைகள் புத்தகத்தை முதல் பாடத்திலிருந்து ஒப்பித்தார்கள். புத்தகம் மதாம் மடியில் மூடியே இருந்தது. ஓர் எழுத்துப் பிசகாமல் கடைசிப் பக்கம் வரை போனார்கள். அட்டையில் இருக்கிற அச்சகத்தின் பெயரையும் சேர்த்து ஒப்பித்தார்கள், அதுவும் பாடம் என்று நினைத்து.

படகு அசைந்ததை முதலில் உணர்ந்தவள் சுலைகா. "ஏறுது," என்றாள். அடியில் மெல்ல ஒரு தள்ளல். பிறகு மிதந்தோம்.

மச்சான் கோலூன்றி நடந்து, கடையில் உட்கார்ந்ததும் நான் புறப்பட்டேன். பெட்டியைக் கேட்டு ஆறுமுகத்திடம் போனேன்.

"நிறுத்தச் சொல்லித்தானே அனுப்புனாங்க?" என்றார் மதாம். அவர் குரலில் அந்தக் குடைக்குச்சியின் விறைப்பு இல்லை.

"பெட்டியைக் கொண்டு வரச் சொன்னார். கொண்டு போறேன். வகுப்பை நிறுத்தறதுக்கு அவர் யார்? புத்தகம் இங்கேயே இருக்கட்டும்."

சுலைகா பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. "மாமா, அடுத்த புத்தகம் வந்தா எனக்கு நேர்ப்பக்கம் எடம் வேணும்," என்றாள். "நேரா இருந்தா எப்படித் தெரியும்னு பாக்கணும்."

வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதனால்தான் எல்லோரும் படிக்க இதை எழுதுகிறேன்.

ஊருக்கு வந்ததும் தலைவர் ஆள் அனுப்பினார். வீட்டுக்கு வரச் சொன்னார், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாமாம். வர மாட்டேன். கூட்டத்தில் சொன்னதற்குக் கூட்டத்தில்தான் பதில். தலைவரே, உங்கள் சமாளிப்புகளும் எனக்குத் தெரியும்: வைக்கோல் புத்தகத்துக்குப் பாதுகாப்பாக வைத்தது என்பீர்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு ஆள் உட்காருகிற பெட்டியா? கப்பலில் திருடு போனது என்பீர்கள். அரக்கு உடையவில்லை. நீங்கள் சொன்ன கடைமடைக்குத் தண்ணீர் போகாதது கடைமடையின் குற்றமில்லை.

பெட்டி வாசகசாலை வாசலில் இருக்கிறது. நான்தான் இறக்கி வைத்தேன். நீங்கள் அனுப்பிய வைக்கோலை ஆறுமுகத்தின் மாடு தின்றுவிட்டதால், ஈடாக லாய்த்தியூ வைக்கோல் நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஊர் கூடும்போது, எல்லோரும் பார்க்க அந்த மூடியை நீங்களே திறங்கள். உள்ளே கையை விட்டு வைக்கோலை வெளியே எடுங்கள். எடுத்து முடித்ததும் அங்கேயே நின்று சத்தமாகச் சொல்லுங்கள்: சைகோன் பிள்ளைகளுக்கென்று ஊர் கொடுத்த புத்தகங்களை எந்த மடையில் அடைத்து வைத்திருக்கிறீர்கள்?